பார்க்காத ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்க மனசைப் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டம் தக்கலையில் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருடம், 2018-ல், எங்கள் பகுதியில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கினோம். நாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வீட்டிலும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குவது. இப்போது பதினேழு குடும்பங்கள் இருக்கிறோம். இடையில் வந்து சேர்ந்து நின்றுபோனவர்களும் ஏறக்குறைய அதே அளவு.

நின்றவர்கள் யாரும் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. முதலில் செய்ய வேண்டியதைப் பிறகும், பிறகு செய்ய வேண்டியதை முதலிலும் செய்ததால்தான் பெரும்பாலானவர்கள் நின்றார்கள். அதனால் இங்கே எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை அதிகம் சொல்லியிருக்கிறேன்.

எல்லாருக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. "மனசு வரட்டும், அப்புறம் கொடுப்போம்" என்று காத்திருப்பது. பக்கத்து வீட்டில் அழுகை கேட்டால் நம் கால் தானாக ஓடும். காதுக்கு எட்டாத அழுகைக்குக் கால் ஓடாது. அது நம் குணத்தில் உள்ள குறை இல்லை, தூரத்தின் வேலை. அந்தத் தூரத்தைக் கடக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஏற்பாடு முதலில், மனசு அதன் பின்னால் வரும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு. அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கு தவிர இன்னொரு சேமிப்புக் கணக்கு. கடந்த மூன்று மாதம் வீட்டில் என்ன வந்தது, என்ன போனது என்ற கணக்கு. தோராயமாக இருந்தால் போதும்.

கந்துவட்டிக் கடன் தலைக்குமேல் இருப்பவர்கள் இப்போது தொகையைப் பற்றி யோசிக்க வேண்டாம். முதல் மூன்று படிகளை மட்டும் செய்துவிட்டுக் கடனை அடைக்கப் பாருங்கள். வட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் பணம் ஆறு மாதத்தில் மனக்கசப்பாக மாறிவிடும். அதை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

1. பெயர் தெரியாதவர்களின் மொய் நோட்டை எழுதுங்கள்

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். எங்கள் பக்கம் சுருள் என்றும் சொல்வார்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வோம். அதே மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். ஆனால் அதில் எழுத வேண்டியது, யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் வந்தவற்றை.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தோன்றாது. பிறகு வரிசையாக வரும். அம்மாவின் ஆபரேஷனுக்கு ஏறிய இரண்டு பாட்டில் ரத்தம், அது யாருடையது? பிள்ளைக்கு ஊற்றிய போலியோ சொட்டு மருந்துக்கு உலகம் முழுக்க உள்ள ரோட்டரி உறுப்பினர்கள் வருடக்கணக்காகப் பணம் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். நம் மாவட்டத்து நெய்யூரில் 1838-ல் மருத்துவப் பணி தொடங்கியபோது அதற்குக் காசு போட்டவர்கள் கடல் கடந்து இருந்தவர்கள். நெய்யூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடற்கரையில் எழுந்த சுனாமி காலனிகளை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கியில் சிக்கிய படகுகள் லட்சத்தீவு வரை, மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை போய் ஒதுங்கின. அங்கே கரையேறியவர்களுக்கு முதல் வாய்த் தண்ணீர் கொடுத்தவரின் பெயர் யாருக்குத் தெரியும்?

கொளச்சல் பக்கத்து அக்கா ஒருவர் தன் நோட்டில் முதல் வரியாக எழுதியது ஒரு போர்வையை. சுனாமிக்குப் பிறகு முகாமில் கொடுத்த நீலப் போர்வை. புதியது இல்லை, யாரோ வீட்டில் பயன்படுத்தியது. மூலையில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து தைத்திருந்தது. அது எந்த மொழி என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்தப் போர்வையை இன்னும் வைத்திருக்கிறார். "நம்ம வீட்ல துணிக்கு அடையாளம் போட்டா எப்பிடி அவசரமா போடுவோம், அப்படி இல்ல. பொறுமையா தச்சிருக்கு" என்றார்.

குறைந்தது பத்து வரி எழுதுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பரிதாபத்தில் தொடங்குபவர் மேலே நின்று கீழே பார்க்கிறார். அந்தப் பார்வை சீக்கிரம் களைத்துவிடும். "நான் ஏன் கொடுக்கணும்" என்ற கேள்வி மூன்றாம் மாதம் வந்து நிற்கும்போது பரிதாபத்திடம் பதில் இருக்காது. வாங்கிய கணக்கு கையில் இருந்தால் பதில் இருக்கும். கொடுத்தவருக்கு இதைத் திருப்பிச் செய்ய முடியாது, அவர் முகவரி இல்லை. இன்னொரு பெயர் தெரியாதவருக்குத்தான் செய்ய முடியும்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, "எல்லாம் கடவுள் தந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. அந்த நம்பிக்கை அப்படியே இருக்கட்டும். கூடவே, எந்தக் கை வழியாக வந்தது என்பதையும் எழுதுங்கள். மனசைத் தொடுவது அந்தக் கைதான்.

2. வீட்டில் பேசி, இரண்டு பானை வையுங்கள்

தொகையை முடிவு செய்யும் முன் வீட்டில் பேசிவிட வேண்டும். ஒரு மைனி வீட்டுக்காரரிடம் சொல்லாமல் மாதம் 1,500 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாதம் வங்கியின் குறுஞ்செய்தியை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அந்த அண்ணன் கஞ்சர் இல்லை. தெரு முக்கில் யார் கேட்டாலும் கொடுப்பவர். மறைத்ததுதான் அவருக்கு வலித்தது. அதோடு நின்றுபோனது.

பேசும்போது "கொடுக்கலாமா" என்று ஆரம்பிக்காதீர்கள். நோட்டை எடுத்து வைத்து, "உங்க ஞாபகத்துல வர்றதையும் இதுல எழுதுங்க" என்று சொல்லுங்கள். அவர் நான்கு வரி எழுதி முடிக்கும்போது பேச்சு பாதி முடிந்திருக்கும்.

அடுத்து ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "நம்ம ஊர்ல இல்லாத கஷ்டமா? ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?" இது நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்காதீர்கள். எங்கள் அனுபவத்தில் பக்கத்துத் தேவை தானே வந்து கதவைத் தட்டும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, ஏழைப் பெண்ணின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வருடம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். முகம் பார்த்து இல்லை என்று சொல்ல நமக்கு வராது. தூரத்துத் தேவைக்குக் கதவைத் தட்ட ஆள் இல்லை. இரண்டையும் ஒரே பானையில் வைத்தால் தட்டுகிறவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் இரண்டு பானை. பக்கத்துப் பானையில் இதுவரை எவ்வளவு போட்டீர்களோ அதில் கை வைக்காதீர்கள். அதிலிருந்து எடுத்துத் தூரத்துக்குக் கொடுத்தால் ஊரில் மனஸ்தாபம் வரும், உங்களுக்கும் நிம்மதி இருக்காது. தூரத்துப் பானை புதியது, அதில் போடுவதும் புதிய காசு. இதற்குத்தான் அந்த இரண்டாவது வங்கிக் கணக்கு.

3. ஒரே ஒரு துன்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

2023-ல் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிறையாத பிள்ளைகள்.

இதைப் படித்ததும் மனசு அசையவில்லை என்றால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மனித மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கையில் 5 டாலர் வைத்திருந்தவர்களிடம் உதவி கேட்டார்கள். மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானவர்களின் பட்டினிக் கணக்கைச் சொன்னபோது 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். கொடுத்தது 1.43. கணக்கைப் பக்கத்தில் வைத்ததும் அந்தச் சிறுமிக்கான மனசும் குறைந்துவிட்டது.

அதனால் எந்தத் துன்பம் என்று முடிவு செய்யக் கணக்கைப் பாருங்கள். முடிவு செய்த பிறகு கணக்கை மூடிவிட்டு ஒரு பிள்ளையை நினையுங்கள். கணக்கு அறிவுக்கு, பிள்ளை மனசுக்கு. இந்த இரண்டையும் கலந்தால் இரண்டும் வேலை செய்யாது.

தேர்ந்தெடுத்த துன்பத்தைக் கைக்கு எட்டும் அளவுக்கு விளங்கிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு மலேரியா. அந்தக் கொசு ராத்திரியில்தான் அதிகம் கடிக்கும். பிள்ளையைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, ஓரத்தைப் பாயின் அடியில் செருகிவிட்டால் கடி குறையும். அந்த வலையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பதால் வந்து உட்காரும் கொசுவும் செத்துவிழும். ஒரு வலையில் இரண்டு பேர் படுக்கலாம். சுமார் மூன்று வருடம் தாங்கும். வாங்கி, ஊர் வரை கொண்டுசேர்க்க ஏறத்தாழ 5 டாலர் ஆகும். கொசுவலையின் ஓரத்தைச் செருகாத தாய் நம் மாவட்டத்தில் உண்டா? அந்த இடத்தில்தான் தூரம் குறைகிறது. அந்தத் தாயின் விரல் செய்யும் வேலை உங்கள் விரலுக்குத் தெரியும்.

வயிற்றுப்போக்கும் அப்படித்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பிள்ளையைக் காப்பாற்றும் என்பது இன்று எல்லா வீட்டுக்கும் தெரியும். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கவே கொடுத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்றும் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். கண்புரை ஆபரேஷன், வைட்டமின் ஏ சொட்டு, பிரசவ உதவி என்று வேறு பலவும் உண்டு. எதுவானாலும் ஒன்று மட்டும் போதும்.

ஐந்தாறு காரியங்களுக்கு ஐம்பதும் நூறுமாகப் பிரித்துக் கொடுப்பவர்கள் எதையும் ஆழமாகத் தெரிந்துகொள்வதில்லை. தெரியாத காரியத்தின்மேல் பிடிப்பு வராது. அவர்கள்தான் முதலில் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "நூறு ரூபாயில் ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்று வரும் விளம்பரங்களை நம்பித் தொடங்காதீர்கள். ஒரு வலை ஓர் உயிர் ஆகாது, ஏனென்றால் வலை கிடைத்த எல்லாப் பிள்ளைகளும் இறந்திருக்கப் போகிறவர்கள் இல்லை. தொண்டு நிறுவனங்களின் பலனைக் கணக்குப் பார்க்கும் கிவ்வெல் என்ற அமைப்பு, மிகச் சிறப்பாக நடக்கும் திட்டங்களில்கூட ஓர் உயிருக்கு 3,000 முதல் 5,500 டாலர் வரை ஆவதாகச் சொல்லியிருக்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சத்திலிருந்து நாலேமுக்கால் லட்சம் வரை.

இதைக் கேட்டுப் பலர் சோர்ந்துபோவார்கள். நான் சோரவில்லை. எங்கள் பதினேழு வீட்டின் தொகையைச் சேர்த்தால் வருடத்துக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். எல்லாம் நல்லபடி போய்ச் சேர்ந்தால் வருடத்துக்கு ஒரு பிள்ளை, அல்லது ஒன்றரை வருடத்துக்கு ஒரு பிள்ளை. தக்கலையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை சாகாமல் இருக்கச் செய்ய முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். உண்மைக் கணக்கில் தொடங்கியவருக்குப் பின்னால் ஏமாற்றம் வராது.

4. தொகை: உலையில் போடும் முன் எடுங்கள்

எங்கள் பாட்டி அரிசி களைய எடுக்கும்போது பார்த்திருக்கிறேன். நாழியில் அளந்து முறத்தில் கொட்டுவாள். பிறகு அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போட்டு மூடுவாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றிக் களைவது. மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி சர்ச்சுக்குப் போகும். அந்த ஒரு பிடி யார் தட்டில் குறைந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. மழை பிடித்து வேலை இல்லாத நாளில் பாட்டியின் கை இறுகி, பிடி சின்னதாகிவிடும். ஆனால் கை முறத்துக்குள் போகாமல் இருந்ததில்லை.

இந்தப் படிக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சியதில் எடுப்பதில்லை, சமைக்கும் முன் எடுப்பது. மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் எந்த வீட்டிலும் மிஞ்சாது. சம்பளம் எவ்வளவு ஏறினாலும் மிஞ்சாது. பத்தாயிரம் வாங்கும் வீட்டிலும் லட்சம் வாங்கும் வீட்டிலும் இதே கதையைத்தான் நான் கணக்கெழுதும் மேஜையில் பார்க்கிறேன்.

எவ்வளவு? வருமானத்தில் நூற்றில் ஒன்றில் தொடங்குங்கள். முப்பதாயிரம் சம்பளம் என்றால் 300. "இவ்வளவு கொஞ்சமா" என்று தோன்றும். தோன்றட்டும், மூன்று மாதம் அதிலேயே இருங்கள். இப்போது நாம் பழக்குவது கையை. கை பழகிய பிறகு தொகையைக் கூட்டுவது எளிது.

ஒரு தம்பி போர்ச் செய்தியைப் பார்த்துக் கலங்கிப்போய், எடுத்ததும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கினான். அது ஏப்ரல் மாதம். ஜூனில் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் வந்தது. கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாத வெட்கத்தில் எங்களோடு பேசுவதையே விட்டுவிட்டான். அவன் நல்ல மனசைத் தொகை நசுக்கிவிட்டது. இதை நான் தடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு வருகிறவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் நூற்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள் மாதக் கணக்கில் யோசிக்க வேண்டாம். ரப்பர் பால்வெட்டும் அண்ணன் ஒருவர், "மழை வந்தா எனக்கே கடையில பாக்கி, நான் எப்படி மாசாமாசம் கொடுப்பேன்?" என்று கேட்டார். அவருக்குச் சொந்தமாக ஐம்பது ரப்பர் மரம் உண்டு. விடியற்காலையில் கத்தி வைக்கும் முன், முந்தின வெட்டில் பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவார். அன்றைய வேலையில் முதலில் கைக்கு வருவது அதுதான். அந்த ஒட்டுப்பாலை விற்பதில் நாலில் ஒரு பங்கு தூரத்துப் பானைக்கு என்று வைத்துக்கொண்டார். வெட்டு இல்லாத மாதம் ஒட்டுப்பாலும் இல்லை, பாக்கியும் இல்லை. ஆறு வருடமாக நிற்காமல் நடக்கிறது.

கடல் தொழில் வீடுகளில் பங்கு பிரிக்கும் நாள்தான் சரியான நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்காரர்கள் பத்து மாதத்துக்கு மட்டும் கணக்குப் போட வேண்டும். தடைக்காலத்தில் கொடுக்காததை விட்டுப்போனதாக எண்ணக் கூடாது.

5. நிறுவனத்தைச் சோதியுங்கள்; இரண்டு சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்

தொகையை முடிவு செய்த பிறகுதான் நிறுவனத்தைத் தேட வேண்டும். முதலிலேயே இதில் இறங்கியவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் எட்டு மாதம் தேடினார். எங்கள் எல்லாரையும்விட அவருக்குத் தகவல் அதிகம் தெரியும். ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை.

இந்தியாவில் பதிவான அமைப்பு என்றால் வருமான வரித்துறை தரும் 12ஏபி (முன்பு 12ஏ), 80ஜி பதிவு எண்களைக் கேட்டு வாங்குங்கள். தணிக்கை செய்த வரவுசெலவு அறிக்கை அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: "போன வருடம் எந்த மாவட்டத்தில், எத்தனை பேருக்கு, என்ன செய்தீர்கள்?" நேரான பதில் வந்தால் சரி. படங்களும் பெரிய வார்த்தைகளும் மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்காமல் நாங்கள் ஒரு டிரஸ்டுக்கு ஏழு மாதம் அனுப்பினோம். கணக்குக் கேட்டபோது பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. போன பணத்தைவிட, அதனால் எங்களைவிட்டுப் போன மூன்று குடும்பங்களை நினைத்துத்தான் இன்றும் எனக்கு வருத்தம்.

புயல், வெள்ளம் வந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் கியூஆர் கோடுகளுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பணம் அனுப்பும் முன் யுபிஐ திரையில் வரும் பெயர் அந்த அமைப்பின் பெயர்தானா என்று நின்று பாருங்கள்.

வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்ப நினைத்தால், வங்கி வழியாக அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அன்பளிப்பும் நன்கொடையும் அதற்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் வங்கி கட்டணம் பிடிக்கும். சின்னத் தொகையாக மாதாமாதம் அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். தனிக் கணக்கில் தொடர்வைப்பாகச் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். இதற்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. இந்திய அமைப்புக்குக் கொடுத்தாலும் பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. வரிச்சலுகைக்காகக் கொடுக்கத் தொடங்கிய யாரும் எங்களிடம் நிலைத்ததில்லை.

பல வீடுகள் சேர்ந்து செய்தாலும் பணத்தை ஒருவர் கையில் சேர்க்காதீர்கள். அவரவர் அவரவர் கணக்கிலிருந்து அனுப்புங்கள். நல்ல சிநேகிதங்கள் கெடாமல் இருக்கும்.

6. முதல் தொகையை அன்றே அனுப்புங்கள், பிறகு தானாகப் போகட்டும்

இரண்டாம் சாயங்காலம் முடியும்போது முதல் தொகை போயிருக்க வேண்டும். "அடுத்த மாதத்திலிருந்து" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் தொடங்கவே இல்லை.

பிறகு சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளைத் தேதியாக வைத்து யுபிஐ ஆட்டோபே அல்லது வங்கி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் "கொடுக்கலாமா" என்று மனசிடம் கேட்டால் வருடத்தில் பன்னிரண்டு முறை தோற்க வாய்ப்பு கொடுக்கிறோம்.

இப்படிப் பிடிக்கும் பணத்துக்கு ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு வரும். அந்த நிமிடத்தில்தான் பலர் ரத்து செய்கிறார்கள். எங்கள் வழக்கம், அந்தக் குறுஞ்செய்தி வந்ததும் மொய் நோட்டைத் திறந்து ஒரு வரி படிப்பது. ஒரு வரி போதும்.

7. மனசுக்குத் தீனி: மாதம் ஒருமுறை, தினமும் வேண்டாம்

பணம் தானாகப் போகத் தொடங்கியதும் இன்னொரு ஆபத்து வரும். கேபிள் பில் மாதிரி அதுவும் ஒரு பில் ஆகிவிடும். ஏற்பாடு நிற்காது, ஆனால் மனசு நின்றுவிடும். அப்படி ஆனவர்கள் முதல் நெருக்கடியில் ரத்து செய்துவிடுவார்கள்.

இதற்குப் பயந்து சிலர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். தினமும் ராத்திரி துயரக் காட்சிகளைத் தேடிப் பார்ப்பது. ஒரு தங்கச்சி அப்படி மூன்று வாரம் பார்த்தாள். பிறகு அவளால் அந்தப் பேச்சையே கேட்க முடியவில்லை, எழுந்து போய்விடுவாள். மனசு தாங்காதபோது மரத்துப்போகும்.

நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுகிறோம். கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும். ஒரு மணி நேரம். யாராவது ஒருவர், நாங்கள் கொடுக்கும் காரியம் அங்கே எப்படி நடக்கிறது என்பதில் ஒரு சின்ன விஷயத்தைப் படித்து வந்து சொல்வார். ஒரு மாதம் கொசுவலையை வண்டி போகாத ஊருக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பது, இன்னொரு மாதம் வைட்டமின் ஏ சொட்டை ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள் என்பது. யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. தொகையைப் பேசினால் ஒருவருக்குக் கூச்சமும் இன்னொருவருக்குப் பெருமையும் வரும், இரண்டும் கூட்டத்துக்கு நல்லதில்லை.

அழும் பிள்ளைகளின் படங்களை நாங்கள் காட்டுவதில்லை. சுனாமி நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளின் முகங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எங்களோடு உட்கார்ந்து சாயா குடிக்கிறார்கள். அவர்கள் முன்னால் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் அழுகையைக் காட்டி மனசைக் கிளற எங்களுக்கு இஷ்டமில்லை.

ஒரு ஞாயிறு கொளச்சல் அக்கா அந்த நீலப் போர்வையைக் கொண்டுவந்தார். கை மாற்றி கை மாற்றிப் பார்த்தோம். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது, மூலையில் அந்தச் சிவப்பு எழுத்து மட்டும் பிரியவே இல்லை. யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம் ஐந்து வீடுகள் தொகையைக் கூட்டியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

8. தொகையைக் கூட்டுவது

மூன்று மாதம் தடையில்லாமல் போனபிறகு கூட்டலாம். இதற்கு நல்ல நேரம் இரண்டு.

ஒன்று, சம்பளம் கூடும் மாதம். கூடிய சம்பளம் முதல் தடவை கைக்கு வரும் முன்பே தூரத்துப் பானையின் தொகையை மாற்றிவிடுங்கள். கைக்கு வந்து பழகிய பணத்தைப் பிரிப்பது கஷ்டம்.

இரண்டு, ஒரு கடன் முடியும் மாதம். பைக்குக்கு மாதம் 3,200 கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால், கடைசித் தவணைக்கு அடுத்த மாதமே அதில் 1,000 ரூபாயைத் திருப்பிவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழ ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். எங்களில் நூற்றில் ஐந்து, ஆறு என்று கொடுக்கும் வீடுகள் எல்லாம் இப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் ஒரே மூச்சில் ஏறவில்லை.

வீட்டில் விசேஷம், வீடு கட்டுவது என்று பெரிய செலவு இருக்கும் வருடத்தில் கூட்ட வேண்டாம். இருந்த தொகை நடந்தால் போதும்.

9. நின்றுபோனால்

நிற்கும். ஆஸ்பத்திரிச் செலவு வரும், வேலை போகும், வளைகுடாவிலிருந்து பணம் வராமல் போகும். அப்போது முழுவதும் நிறுத்தாமல் பத்து ரூபாயாகக் குறைத்து வைக்க முடிந்தால் நல்லது. பாட்டியின் சின்னப் பிடி மாதிரி. அதுவும் முடியாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஞாயிறு கூட்டத்துக்கு வருவதை நிறுத்தாதீர்கள். நின்றுபோனவர்களில் திரும்பத் தொடங்கியவர்கள் எல்லாருமே சாயா குடிக்க வந்துகொண்டிருந்தவர்கள்தான்.

மறுபடி தொடங்கும்போது பழைய தொகையில் பாதியில் தொடங்குங்கள். விட்ட மாதங்களின் பாக்கியைச் சேர்த்துக் கட்டப் பார்க்காதீர்கள். ஒரு அண்ணாச்சி ஏழு மாதப் பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டே இருந்தார், அது சேரவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. "பாக்கிய விடுங்க, இந்த மாசத்துக்கு மட்டும் போடுங்க" என்று சொன்ன அன்றைக்கு ராத்திரியே 200 ரூபாய் அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணினார்.